உழவரைக் குருவாகக் கொண்ட விஞ்ஞானி
(சர் ஆல்பர்ட் ஹோவர்ட் வாழ்க்கை வரலாறு)

கனி கொடாத அத்திமரத்தைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாமெல்லாரும் அறிவோம். மூன்றாண்டுகள் பழம் தேடி வந்து ஏமாந்த உரிமையாளர், மரத்தை வெட்டிவிடும்படி சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டுகிறார். மரத்தைச் சுற்றிக் கொத்தி எருப் போட்டுப் பார்ப்பதாகக் கூறுகிறார். லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் இவ்வுவமை நம் மனமாற்றத்தைப் பற்றியது. எனினும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதில் மற்றொரு பாடமும் உண்டு. மரம் காய்க்கவில்லையென்றால் மரத்தைக் குறை கூறுமுன் அதன் அடியில் இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே அது.

இந்தத் தோட்டக்காரரின் வேலையையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஒருவர் உண்டு. ஆங்கில நாட்டில் பிறந்து, நம் பாரத நாட்டில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து, இங்குள்ள ஏழை உழவர்களைத் தம் ஆசிரியர்களாகப் போற்றிய அவர்தான் சர் ஆல்பர்ட் ஹோவர்ட். அன்னாரின் வரலாற்றைச் சேலத்து மாணவியராகிய நாம் அறிந்துகொள்வது மிகவும் பயனுடையதாகும்.

நம் ஊர்க் காட்சி

மல்கோவாவும் குண்டும் இமாம் பசந்தும் விளையும் மாந்தோப்புகள் நம் சேலத்திற்குப் பெருமை. நாமக்கல் பக்கத்திலும் கிணற்றை நம்பி மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை வைத்திருப்போர் பலர். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் இத்தோப்புகளுக்குள் சென்று பாருங்கள். செம்மண் சுட்டுப் பாளம் பாளமாய்க் கிடக்கும். கிணற்றில் நீர் அடியில் தெரியும். குடத்தில் சுமந்து வந்து ஊற்றிய நீர், மறுநாள் காலையில் இருந்த இடம் தெரியாது. நட்டு இரண்டு வருடமான கன்றுகள் நம் கண் முன்னே கருகிப் போகும்.

அதே தோப்பின் மூலையில் என்ன நடக்கிறது? உதிர்ந்த சருகையும், செதுக்கிய புல்லையும், வெட்டிய செடிகொடிகளையும் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். இடம் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். மரத்தின் தாகத்தைத் தணிக்கக்கூடிய போர்வையைத்தான் நாம் கொளுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. எரிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் கூறியவர்களுள் ஹோவர்ட் முதன்மையானவர்.

பிறப்பும் கல்வியும்

ஆல்பர்ட் ஹோவர்ட் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலுள்ள பிஷப்ஸ் காசில் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மாடும் மண்ணும் சூழ்ந்த வீட்டில் வளர்ந்த அவருக்கு, வயல் வேலை சிறு வயதிலேயே பழக்கமாயிற்று. பின்னர் லண்டனிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார்.

1899-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பயிர்களைத் தாக்கும் பூஞ்சண நோய்களை ஆராயும் பணியை ஏற்றார். அங்கேதான் அவர் உள்ளத்தில் ஒரு குறை தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, நோயுற்ற இலையைக் கண்ணாடி வழியே பார்த்து, உழவருக்கு மருந்து சொல்ல வேண்டும். ஆனால் தாம் சொன்னதைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க ஒரு காணி நிலமும் அவருக்கில்லை. தான் செய்து பாராததைப் பிறருக்கு உபதேசிப்பது முறையா என்று அவர் மனம் உறுத்தியது.

இந்தியா வந்தார்

1905-ஆம் ஆண்டு அவருக்கு இந்திய அரசில் தாவரவியல் அறிஞர் பதவி கிடைத்தது. பீகாரில் பூசா என்னுமிடத்தில் புதிதாக எழும்பிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். அவர் விரும்பியபடியே ஆராய்ச்சிக்கென 75 ஏக்கர் நிலமும் கைக்கு வந்தது.

அவ்வாண்டே அவர் காப்ரியேல் மத்தேய் என்ற பெண்மணியை மணந்தார். இவ்வம்மையார் கணவரின் நிழலில் மறைந்து நின்றவர் அல்லர். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் பயின்று, இலைகள் ஒளியைக்கொண்டு உணவு தயாரிக்கும் விதத்தை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாக இருந்த அக்காலத்தில், 1913-ஆம் ஆண்டு பூசாவில் இரண்டாம் தாவரவியல் அறிஞராக அரசாலேயே நியமிக்கப்பட்டார். கணவனும் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய கோதுமை ரகங்கள் வட இந்திய வயல்களில் பெருமளவில் பரவின. கோடைக்காலங்களில் இருவரும் இன்று பாகிஸ்தானிலுள்ள குவெட்டாவுக்குச் சென்று, அங்கே பழமரங்களைப் பற்றியும் ஆராய்ந்தனர். அறிவியல் பயில விரும்பும் நம் சகோதரிகள் காப்ரியேல் அம்மையாரின் பெயரையும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பூசாவில் ஹோவர்ட் கண்ட முதல் வியப்பு அக்கம்பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. மருந்து என்பதையே அறியாத உழவர்களின் வயல்களில் பயிர்கள் பெரும்பாலும் நோயின்றி நின்றன. பெரிய பட்டம் பெற்ற விஞ்ஞானியாகிய அவர், எழுதப் படிக்கத் தெரியாத அவ்வுழவர்களிடம் மாணவனைப் போலச் சென்று கவனித்தார். அவர்கள் பயிரைக் கலந்து விதைப்பதையும், மண்ணுக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதையும் கண்டார். அவ்வுழவர்களும், நோய் கொண்டுவரும் பூச்சிகளும் பூஞ்சணங்களுமே தமக்குப் பாடம் கற்பித்த பேராசிரியர்கள் என்று பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். பூச்சியைப் பகைவனாக அன்றி, மண் எங்கே கெட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டும் தூதனாகவே அவர் கருதினார்.

பழமரமும் புல்லும்

ஹோவர்டின் ஆராய்ச்சிகளுள் நம் தோப்புகளுக்கு மிக நெருங்கிய ஒன்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இங்கிலாந்தில் வோபர்ன் என்னும் இடத்துப் பழத்தோட்டத்தில், மரத்தடியில் புல் வளர்ந்தால் மரம் நலிவதைப் பிக்கரிங் என்ற அறிஞர் கண்டிருந்தார். புல்லிலிருந்து ஒருவகை நஞ்சு மண்ணில் இறங்குகிறது என்பது அவர் கருத்து. இது உண்மைதானா என்று அறிய ஹோவர்ட் பூசாவில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழத்தோட்டம் அமைத்தார். மா, கொய்யா, லிச்சி, எலுமிச்சை, லோகாட், சீத்தா, பீச், பிளம் ஆகிய எட்டு வகை மரங்கள் நடப்பட்டன. ஒரு பகுதியில் புல்லே முளைக்காதபடி மண் கிளறிவிடப்பட்டது. மற்றொரு பகுதியில் புல் வளர விடப்பட்டது. இன்னொரு பகுதியில் புல்லோடு, மண்ணுக்குள் காற்றுப் புகுவதற்காகப் பள்ளங்களும் வெட்டப்பட்டன.

பிறகு அவர் செய்த வேலை மிகுந்த பொறுமைக்குரியது. மரத்தின் பக்கத்தில் குழி தோண்டி, தெளிப்பான் கொண்டு நீரைப் பீய்ச்சி, மண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மெல்லிய வேர்களும் அறுபடாமல் வெளியே தெரியச் செய்தார். மரத்துக்கு இருவகை வேர்கள் இருப்பதைக் கண்டார். மேல்மண்ணில் படர்வன ஒருவகை. ஆழத்தில் இறங்குவன மற்றொரு வகை. கடுங்கோடையில் ஆழ்வேர்களே நீரைத் தேடித் தந்து மரத்தைக் காக்கின்றன. மழை தொடங்கியதும் மேல்வேர்கள் விழித்துக்கொண்டு உணவைத் திரட்டுகின்றன. அந்த நேரத்தில் மேல்மண்ணை உயிருள்ள புல் அடைத்துக்கொண்டால், மேல்வேர்களுக்கு வேலை செய்ய இடமில்லாமல் போகிறது. புல்லின் வேர்கள் மண்ணிலுள்ள நல்ல காற்றை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை நிரப்பிவிடுவதே மரம் வாட முக்கிய காரணம் என்று அவர் முடிவு செய்தார். 1925-ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்தின் இதழில் இக்கட்டுரை வெளியாயிற்று. நீரையும் தழைச்சத்தையும் புல் பறித்துக்கொள்வதும் சேர்ந்தே மரத்தை வாட்டுகிறது என்று இக்கால ஆராய்ச்சியாளர்கள் கூறுகின்றனர்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? கன்றின் அடியில் உயிரோடு வளரும் களை அதன் பங்காளி. அதே களையை அறுத்து அங்கேயே பரப்பிவிட்டால் அது அதன் பணிப்பெண். நின்றால் நீரைக் குடிக்கும். கிடந்தால் நீரைக் காக்கும். களையை வெறுத்து எரிப்பவரும் தவறுகிறார். சோம்பலால் வளரவிடுபவரும் தவறுகிறார். அறுத்துப் பரப்புபவரே இரண்டு பயனையும் பெறுகிறார்.

காடு கற்பித்த பாடம்

ஏற்காட்டு மலையிலும் கொல்லி மலையிலும் உள்ள காடுகளுக்கு யார் உரமிடுகிறார்கள்? யார் நீர் பாய்ச்சுகிறார்கள்? உதிரும் இலை அங்கேயே கிடக்கிறது. மழைத்துளி நேரே மண்ணில் அறையாமல் சருகில் தங்கி மெல்ல இறங்குகிறது. மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சருகைத் தின்று கருமையான மக்காக மாற்றுகின்றன. மரம் மறுபடியும் அதையே உண்டு தழைக்கிறது. இறைவன் அமைத்த இந்தக் காடே தலைசிறந்த உழவன் என்று ஹோவர்ட் கருதினார். வளர்ச்சி ஒரு பாதி, மட்குதல் மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் சக்கரம் சுழலும் என்பது அவருடைய கொள்கை. மனிதன் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு, மட்க வேண்டியதை எரித்துவிட்டால் சக்கரம் பாதியில் நின்றுவிடும்.

இந்தூரில் பிறந்த முறை

1924-ஆம் ஆண்டு ஹோவர்ட் இந்தூர் நகரில் தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி அதன் இயக்குநரானார். பருத்தி மாறு, களை, சருகு, பசுந்தழை, மாட்டுச் சாணம், கோமியம் ஊறிய தொழுவத்து மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, அளவாக நீர் தெளித்து, இடையிடையே புரட்டி, மூன்று மாதத்தில் நல்ல மக்கு உரமாக்கும் முறையை அங்கே வகுத்தார். பச்சைத் தழையை அப்படியே குவிக்காமல் முதலில் வாடவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும் என்றார். கடினமான பருத்தி மாறுகளைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களாலும் மாட்டுக் குளம்புகளாலும் நசுங்கச் செய்த பின்னரே பயன்படுத்தினார். மட்காத பொருளை மண்ணுக்குள் புதைத்தால், அது மட்கும்வரை பயிருக்குரிய சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும் என்பதையும் எடுத்துரைத்தார். ஆகவே தழை ஒன்று குப்பைக் குழியில் மட்க வேண்டும். அல்லது காட்டில் போல மண்ணின் மேலே கிடந்து மட்க வேண்டும்.

இம்முறைக்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை. ஆராய்ச்சி நடந்த ஊரின் பெயரால் இந்தூர் முறை என்றே வழங்கினார். தம்முடன் உழைத்த யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிஞரின் பெயரையும் சேர்த்தே 1931-இல் இதைப் பற்றிய நூலை வெளியிட்டார். நிலையத்தில் வேலை செய்த கூலியாட்களுக்குத் தவறாமல் சம்பளமும், குறைந்த வேலை நேரமும், மருத்துவ உதவியும் கிடைக்கச் செய்தார். மண்ணை மதித்தவர் மண்ணில் உழைத்த மனிதரையும் மதித்தார்.

துன்பமும் இறுதிக் காலமும்

ஓய்வு பெறும் வேளை நெருங்கியபோது பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் இணைபிரியாது உழைத்த காப்ரியேல் அம்மையார் 1930-ஆம் ஆண்டு காலமானார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டுச் சென்றார். அம்மையாரின் தங்கை லூயிஸை மணந்து, அவர் துணையோடு தம் கொள்கையைப் பரப்பும் பணியில் ஈடுபட்டார். 1934-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1940-இல் அவர் வெளியிட்ட வேளாண்மைச் சாசனம் பற்றிய நூல் பல நாடுகளில் இயற்கை வேளாண்மைக்கு வித்திட்டது.

அவரை எதிர்த்தவர்களும் இருந்தனர். நல்ல மக்கு இட்ட நிலத்தில் பயிருக்கும் கால்நடைக்கும் நோயே அண்டாது என்ற அளவுக்கு அவர் வற்புறுத்தியதை அறிவியலார் பலர் ஏற்கவில்லை. கோமாரி கண்ட மாடுகளோடு தம் காளைகள் பழகியும் நோய் தொற்றவில்லை என்று அவர் எழுதினார். ஆனால் கோமாரிக்குத் தடுப்பூசியே காப்பு என்பது இன்று நாம் அறிந்த உண்மை. பெரியோர் சொன்னதிலும் சோதித்துப் பார்த்து நல்லதைக் கொள்வதே அறிவு. அவரும் அவ்வாறுதான் வாழ்ந்தார். மண்ணுக்கு மக்கு இன்றியமையாதது என்ற அவரது அடிப்படைக் கருத்து இன்றும் அசையாமல் நிற்கிறது.

இந்தியா விடுதலை பெற்ற இரண்டு மாதங்களில், 1947 அக்டோபர் 20-ஆம் நாள் சர் ஆல்பர்ட் ஹோவர்ட் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் செய்யத்தக்கது

வீட்டின் பின்புறம் ஒரு கொய்யாவோ எலுமிச்சையோ இல்லாத தோழியர் சிலரே இருப்பர். அம்மரத்துக்கு இந்த ஆண்டு நாமே ஒரு போர்வை போர்த்துவோம். முதலில் அடியிலுள்ள களையை, அது பூத்து விதை கட்டுமுன் அறுக்க வேண்டும். விதை முற்றிய களையைப் பரப்பினால் நாமே களையை விதைத்தவர்களாவோம். பார்த்தீனியச் செடியைச் சிறுவர் வெறுங்கையால் தொடலாகாது. பிறகு பாத்தி நிறைய நீர் விட்டு மண் நனைந்தபின், வாடிய தழையைக் கிளைகளின் நிழல் விழும் எல்லைவரை அரை அடி உயரத்துக்குப் பரப்ப வேண்டும். கொளுஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கன் தழை, வாழைச் சருகு, கரும்புச் சோகை எதுவும் ஆகும். ஆடு மாடு தின்னும் தழையை முதலில் அவற்றுக்கே கொடுப்போம். அது எருவாகத் திரும்பி வரும்.

ஒன்றை மறக்கலாகாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். தழை மரத்தோடு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்; நம் பக்கத்துக் கரையானும் ஏறும். வாரம் ஒருமுறை விலக்கிப் பார்ப்பது நல்லது. போர்வை அமிழ்ந்து மெலிந்தால் மேலும் தழை சேர்க்க வேண்டும். சில வாரம் கழித்துச் சருகை விலக்கி மண்ணில் விரலை வையுங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஈரமும் குளிர்ச்சியும் இருப்பதை விரலே சொல்லும்.

அத்திமரத்துக்காகப் பரிந்து பேசிய தோட்டக்காரர் கேட்டது ஓராண்டுத் தவணைதான். கருகும் நம் கன்றுகளுக்கும் அத்தவணையை நாம் கொடுப்போம். சருகுக்குத் தீ வைக்கக் கை நீளும்போது, உழவரின் காலடியில் அமர்ந்து பாடம் கேட்ட அந்த விஞ்ஞானியை நினைவுகூர்வோம். மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தந்து, இறைவன் நம்மிடம் ஒப்படைத்த இந்நிலத்தைப் பேணிக் காப்போமாக!